நேரோ கேஜ் நீராவி எஞ்சின்: அடையாளம் காண உதவி தேவை

மூடிய ரயில்வே யார்டு ஒன்றில் புதருக்குள் ஒரு நேரோ கேஜ் (குறுகிய ரயில் பாதை) நீராவி எஞ்சின் நிற்கிறது. இடத்தைச் சீக்கிரம் காலி செய்யப்போகிறார்கள். இது எந்த எஞ்சின் என்று காட்ட முடிந்தால்தான் காப்பாற்றக் கேட்கலாம், இல்லையென்றால் பழைய இரும்புதான். தயாரிப்பாளர் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

762 மி.மீ. பாதை, 2-8-2 சக்கர அமைப்பு (முன்னே 2, நடுவில் எஞ்சினை இயக்கும் 8, பின்னே 2), சக்கரங்களுக்கு வெளியே ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்), வால்ஷார்ட்ஸ் வால்வு கியர் (சிலிண்டருக்குள் நீராவி போய்வருவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு), நிலக்கரியும் தண்ணீரும் வைக்கத் தனி டெண்டர் வண்டி. புகைப்பெட்டியின் அடிப்பகுதி அரித்து ஓட்டையாகிவிட்டது. பாய்லர் உறை கிழிந்து வெள்ளை நார் தெரிகிறது. ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதனால் அங்கே கை வைக்கவில்லை.

இணைப்புத் தண்டுகளில் கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு எண், வலப்பக்கம் வேறு எண். பணிமனைகளில் ஒரு எஞ்சினின் பாகத்தை இன்னொன்றில் மாட்டுவது வழக்கம்தானே! பாய்லரும் அப்படி மாற்றப்படுவதுதான், அதன் எண்ணையும் நம்ப முடியாது. அப்புறம் கேபின் பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் தேடினேன், துருதான் மிச்சம். அளவுகளை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை. ஒரே வடிவமைப்பைப் பல நிறுவனங்கள் கட்டியிருக்கின்றன. இத்தனை முழுமையாக மிஞ்சிய எஞ்சினை அறுக்க விட மனசு வரவில்லை.

ஃபிரேம், சிலிண்டர் வார்ப்பு, சக்கர அச்சின் முனை, இவற்றில் எங்கே பொறித்திருக்கும் எண்ணை எஞ்சினின் அசல் எண்ணாக எடுத்துக்கொள்ளலாம்?