அப்பா பெயரில் உள்ள ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் முடியப்போகிறது: புதுப்பிக்கும் முன் குடும்பத்துக்குள் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். வீட்டுச் சீரமைப்பு வேலைகள் செய்துதரும் ஒரு நிறுவனத்தின் ஃபிரான்சைஸை (அதன் பெயரிலும் முறையிலும் தொழில் நடத்தும் உரிமையை) எங்கள் குடும்பம் ஒன்பது ஆண்டுகளாக நடத்திவருகிறது. பழைய குளியலறைகளையும் சமையலறைகளையும் பிரித்துப் புதிதாக அமைப்பதே முதன்மையான வேலை. பத்தாண்டு ஒப்பந்தம் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. நான் சைட் வேலைகளைக் கவனிக்கிறேன், தம்பி வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கொட்டேஷன் கொடுக்கிறான், தம்பியின் மனைவி கணக்கு எழுதுகிறார். எங்கள் நால்வரில் எவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குத் தேவைப்படும்போது தொழில் பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

கடந்த மாதம் நடந்த ஒன்று என்னை உலுக்கிவிட்டது. குளியலறைத் தரையில் கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகால் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும் என்று எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. தம்பி இரண்டு நாள் முன்னதாகவே முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டதால் அந்தச் சோதனையைத் தவிர்த்தோம். மூன்றாவது வாரம் கீழ்த்தளத்துக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது. பதித்த தரையை உடைத்து முழுவதையும் எங்கள் செலவில் மறுபடி செய்தோம். அப்பா கொத்தனார்கள் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டார், நான் தம்பியைக் குற்றம் சொன்னேன், அன்று இரவு வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

ஒப்பந்தத்தை யார் பெயரில் புதுப்பிப்பது, தம்பியின் மனைவிக்குச் சம்பளம் தருவதா பங்கு தருவதா, இவற்றை மனத்தாங்கல் இல்லாமல் எப்படிப் பேசி முடிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

நானும் என் கணவரும் வேறொரு துறையில் ஃபிரான்சைஸ் நடத்தி, பிறகு அதை மகளிடம் ஒப்படைத்தோம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

‘புதுப்பித்தல்’ என்ற சொல்லை நம்பிப் பழைய விதிகளே தொடரும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், புதுப்பிக்கும் நாளில் நிறுவனம் புதியவர்களுக்கு எந்தப் படிவத்தைக் கொடுக்கிறதோ அதில்தான் நீங்களும் கையெழுத்திட வேண்டியிருக்கும். ராயல்டி (விற்பனையில் நிறுவனத்துக்குச் செலுத்தும் பங்கு) விகிதம், விளம்பர நிதிக்கான பங்கு, உங்களுக்கென ஒதுக்கிய எல்லை என எதுவும் மாறியிருக்கலாம். எனவே பழைய ஒப்பந்தத்தையும் புதியதையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படியுங்கள்.

உரிமையை அப்பாவிடமிருந்து உங்களுக்கு மாற்றுவது குடும்பத்துக்குள் முடிகிற காரியம் அன்று. மாற்றத்துக்கு நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவைப்படும். பெறுபவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், மாற்றத்துக்கெனத் தனிக் கட்டணமும் இருப்பது வழக்கம். ஒப்பந்தக்காரர் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ வாரிசுகள் எத்தனை மாதங்களுக்குள் தகுதி பெற வேண்டும் என்ற பிரிவைத் தேடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை என் கணவர் மருத்துவமனையில் இருந்தபோதுதான் நான் முதன்முறையாகப் படித்தேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

அடுத்து, தனிப்பட்ட உத்தரவாதம் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிலைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலும், அந்த ஒரு தாள் கையெழுத்திட்டவரின் சொந்தச் சொத்தைக் கடனுக்குப் பிணையாக்கிவிடும். ஒப்பந்தம் முடிந்த பின் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற தடை குடும்பத்தினரையும் கட்டுப்படுத்துமா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏனெனில் உங்கள் தம்பி நாளை தனியாகப் போக நினைத்தால் அந்தப் பிரிவு அவரைத் தடுக்கக்கூடும்.

அமெரிக்காவில் புதிதாக ஃபிரான்சைஸ் எடுப்பவருக்கு 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தைக் கையெழுத்துக்கு அல்லது பணம் கட்டுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், அந்த இரண்டு வார அவகாசத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் பதில்

நான் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பவன். யார் பெயரில் புதுப்பிப்பது என்பதற்கு முன்பாக, நால்வரின் உழைப்பும் கணக்கில் ஏறாத ஒரு தொழில் உண்மையில் லாபம் தருகிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வேலையின் பில் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருட்களுக்கு 42, கூலிக்கு 28, வாடகை, வண்டி, அலுவலகச் செலவுகளுக்கு 12, ராயல்டி 6, விளம்பர நிதி 2 என்று போனால் கையில் 10 நிற்கும். இவை புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இதே வேலைக்கு உங்கள் தம்பி பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் பில் 90 ஆகிறது. பொருளும் கூலியும் அலுவலகச் செலவும் குறையாமல் 82 ஆகவே நிற்கின்றன. ராயல்டியும் விளம்பர நிதியும் லாபத்தின் மீது கணக்கிடப்படாமல் மொத்த விற்பனையின் மீதே கணக்கிடப்படுவதால், அவற்றுக்கு 7.2 போய்விடும். மிச்சம் 0.8 மட்டுமே. இந்தக் கணக்கைத் தம்பியின் எதிரில் உட்கார்ந்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். தள்ளுபடி கொடுப்பவர் பெரும்பாலும் இதைத் தன் கையால் ஒருமுறைகூட எழுதிப் பார்த்திருக்கமாட்டார்.

அந்தப் பத்திலிருந்துதான் நான்கு பேரின் சம்பளமும், வாரண்டி காலத்தில் உடைத்துச் செய்யும் வேலைகளும் வர வேண்டும். வாடிக்கையாளர் கொடுக்கும் முன்பணம் வங்கிக் கணக்கில் கிடப்பதால் அது உங்கள் பணம்போலத் தோன்றும். வேலை முடியும்வரை அது கடனே. வீட்டுச் செலவுக்கு ‘எடுத்துக்கொள்வது’ பெரும்பாலும் அந்தக் கடனிலிருந்துதான் நடக்கிறது. முன்பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

தம்பியின் மனைவிக்குச் சம்பளமா பங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ரெனாட்டோ தாஜியூரி, ஜான் டேவிஸ் என்ற இரு அறிஞர்கள் 1978இல் ஹார்வர்டில், குடும்பம், உடைமை, தொழில் என்று மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒரு வரைபடத்தை உருவாக்கினார்கள். அதில் ஏழு இடங்கள் கிடைக்கும்; ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் இடத்தில் நிற்பார்கள். தம்பியின் மனைவி குடும்பத்திலும் தொழிலிலும் இருக்கிறார், உடைமையில் இல்லை. செய்கிற வேலைக்குச் சம்பளம், இட்ட முதலுக்கும் ஏற்ற பொறுப்புக்கும் பங்கு என்று பிரித்துக்கொண்டால் அவருக்கு இந்த மாதமே சம்பளம் தொடங்கலாம். வெளியிலிருந்து ஒரு கணக்காளரை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதே தொகையைக் கொடுங்கள். பங்கைப் பற்றிப் பிறகு நிதானமாகப் பேசலாம்.

மூன்றாம் பதில்

நான் சைட்டில் வளர்ந்தவன். அந்த 24 மணி நேரச் சோதனை முடியும்வரை டைல்ஸ் வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் உங்களிடம் இருந்ததா, இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், தேதியை ஒருவர் கொடுக்கிறார், வேலையை இன்னொருவர் செய்கிறார், திட்டு மட்டும் மூன்றாமவரிடமிருந்து வருகிறது.

எங்கள் இடத்தில் ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறோம். தண்ணீர் தேக்கிய நேரம், சுவரில் பென்சிலால் குறித்த மட்டம், மறுநாள் அதே மட்டம், கீழ்த்தளக் கூரையின் புகைப்படம் ஆகியவை அதில் பதிவாகி, சைட் பொறுப்பாளர் கையெழுத்திட்ட பின்னரே டைல்ஸ் பெட்டி திறக்கப்படும். உரிமையாளரே வந்து சொன்னாலும் திறப்பதில்லை. டைல்ஸையும் கல்லையும் தண்ணீர் விடாமல் வெட்டுவதும் இதே அவசரத்தில்தான் நடக்கிறது. அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும் என்பதால், அதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

தம்பிக்குக் கமிஷன் கொடுப்பதாக இருந்தால் பில் தொகையின் மீது கொடுக்காதீர்கள். மறுவேலைச் செலவையும் கழித்த பிறகு அந்த வேலையில் நிற்கும் தொகையின் மீது கொடுங்கள். அப்போது அவரே தேதி சொல்வதற்கு முன் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். உத்தரவாதத் தாளில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இட்டதை அவர் மறந்தேவிட்டார். எந்தத் தாள் என்று தெரியாமலேயே இட்டதாகச் சொன்னார். எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

தம்பி அந்தக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துபோனான். காலையில் சோதனைத் தாளுக்குச் சம்மதித்தான். தள்ளுபடிக்கு வரம்பு வைப்பதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அப்பாவிடம் எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

முதல் பதிலை எழுதியவர் மீண்டும்

‘எப்போது ஒதுங்கப்போகிறீர்கள்’ என்று தொடங்காதீர்கள். ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறிய மறுநாள் காலையில் அவர் எங்கே போவார், என்ன வேலை பார்ப்பார் என்பதை முதலில் நீங்கள் யோசித்துக்கொண்டு பேசுங்கள். முடிந்த வேலைகளை இறுதியாகப் பார்வையிடுவது, பழைய வாடிக்கையாளர்களிடம் பேசுவது போன்ற ஒரு பொறுப்பையும், அவர் செலவுக்கு உங்களிடம் கை நீட்டத் தேவையில்லாத ஒரு மாதத் தொகையையும் எழுத்திலேயே வையுங்கள். என் கணவருக்கு நாங்கள் தொகையை எழுதினோம், பொறுப்பை எழுத மறந்தோம். அவர் ஓராண்டு காலம் காரணமின்றிக் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைப் பொறுத்தவரை, புதிய ஒப்பந்தம் போட்டதால் பழைய உத்தரவாதம் தானாக நீங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். அவரை விடுவித்ததாக நிறுவனத்திடமிருந்து தனிக் கடிதம் பெறுங்கள். புதிய தாளில் அவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் விருப்பத்தை ஒப்பந்தம் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்களுடையதில் அது எந்த நாள் என்பதை இன்றே பார்த்து, தம்பியின் மனைவியிடம் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.