அப்பா அம்மாவோடு வசாய், விரார்: வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். கேட்வே, மகாலட்சுமி கோயில், மாட்டுங்கா எல்லாம் காட்டியாகிவிட்டது. அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். வசாய் கோட்டையைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். 1739-இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா அதைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த கதை தினமும் காலைக் காபியோடு வந்துவிடுகிறது.

வருகிற ஞாயிறு போகலாம் என்று எண்ணம். தாதரில் மாறி வெஸ்டர்ன் லைன் ரயில் பிடிக்கவேண்டும். விரார் ஃபாஸ்ட்டில் ஏறுவதாக இல்லை (ஏறினாலும் கூட்டத்தில் வசாயில் இறங்க விடமாட்டார்களாம்!). காலை எட்டு மணி வாக்கில் உட்கார இடம் கிடைக்கிற ஸ்லோ வண்டி உண்டா? வசாய் ரோடு ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு ஷேர் ஆட்டோ போகுமா, தனி ஆட்டோதானா? முக்கியமாக, உள்ளே கழிப்பறை இருக்கிறதா? இடிந்த தேவாலயங்களுக்கு நடுவே வெயிலில் நிறைய நடக்கவேண்டும் போலத் தெரிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி.

அம்மாவின் கணக்கு வேறு. அவருக்கு விரார் மலைமேல் இருக்கும் ஜீவதானி அம்மன் போதும். ஆயிரத்துக்கும் மேல் படிகள், ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரோப்வே வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நடுவில் நாலாசோப்பாரா பௌத்த ஸ்தூபியையும் அப்பா சேர்த்துவிட்டார். 1882-இல் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திரஜி தோண்டிய இடம், அசோகர் கல்வெட்டுத் துண்டு கிடைத்த ஊர், விடுவாரா? மூன்றும் ஒரே நாளில் பேராசை என்றுதான் எனக்குப் படுகிறது. எதை விடலாம்? அப்புறம், அந்தப் பக்கம் நல்ல சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? அங்கே குடியிருப்பவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவி.