மறு: பாட்காஸ்ட் – வலையொலியா, ஒலியோடையா, ஒலியிதழா?

அனைவருக்கும் வணக்கம்.

சினிமா பற்றிய பாட்காஸ்டுகளுக்கு நாம் தயாரிக்கும் பரிந்துரைப் பட்டியலுக்குத் தலைப்பே இன்னும் முடிவாகவில்லை. இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். வலையொலி, ஒலியோடை, ஒலித்தொடர் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பாட்காஸ்ட் என்றே விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: ஒலியிதழ்.

> வலையொலி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

நியாயமான கேள்வி, அண்ணா. ஆனால் அதே புழக்கத்தில்தான் யூடியூப் சேனலை வலையொளி என்று எழுதுவதும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு லகரமும் ஒரு ளகரமும்தான். காணொலியா காணொளியா என்ற வழக்கே இன்னும் தீராமல் இருக்க, அதே இடத்தில் இன்னொரு சொல்லையும் மாட்டிவிட வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்தில் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஆனால் இது காதால் கேட்கிற ஊடகம். நிகழ்ச்சி நடத்துபவர் தன் நிகழ்ச்சியின் வகையை வாயால் சொல்ல வேண்டும், கேட்பவருக்கு ஐயமில்லாமல் புரிய வேண்டும். போதாததற்கு, பாட்காஸ்டுகள் இப்போது யூடியூபிலேயே பெருவாரியாக வருகின்றன. பாட்காஸ்டுக்காக மாதந்தோறும் 100 கோடிக்கு மேற்பட்டோர் தங்கள் தளத்துக்கு வருவதாக யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அப்படியானால் 'இந்த வலையொலியை அவர்களின் வலையொளியில் காணலாம்' என்று எழுத வேண்டி வரும். வாசகர் முதல் சொல்லையே அச்சுப்பிழை என்று நினைப்பார்.

ஒலியோடை தொழில்நுட்பப்படி நல்ல சொல். பாட்காஸ்டின் அடிப்படையே ஆர்.எஸ்.எஸ். ஓடைதான், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வருவதைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் கோப்பு. ஒலிக்கோப்பின் முகவரியை ஓடையில் இணைத்து அனுப்பினால், கேட்பவரின் செயலி அவ்வப்போது எட்டிப் பார்த்துப் புதியதை இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்ட்ரீமிங்குக்கும் ஓடை என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். இறக்கி வைத்துக் கேட்பதும் ஓடை, ஓடும்போதே கேட்பதும் ஓடை என்றால் குழப்பம். அப்புறம், கேட்பவருக்குக் குழாய் வேலை தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்து மொழிபெயர்க்கும் யோசனையை முதலிலேயே கைவிட்டுவிடலாம். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், இந்தப் புதிய வழக்கத்துக்கு இடலாமே என்று போகிற போக்கில் சொன்ன பெயர்களில் ஒன்று அது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடின் பாதியும் ஒலிபரப்பின் (பிராட்காஸ்ட்) பாதியும் சேர்ந்தது. ஐபாட் விற்பனையை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. மிச்சப் பாதியான ஒலிபரப்பும் பொருந்தவில்லை. ஒலிபரப்பு என்றால் குறித்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாகப் போவது. அந்த நேரத்தில் பெட்டி முன்னால் இல்லை என்றால் போயிற்று.

நாம் பட்டியலில் போடப்போகும் நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். அவற்றின் இயல்பு வானொலியைச் சேர்ந்ததா, இதழைச் சேர்ந்ததா? சந்தா உண்டு. வாரமோ மாதமோ ஒன்று வரும். பழையவை கட்டாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்ன பொருள் பற்றியது என்ற வரையறை உண்டு. ஒரு ஆளே ஆசிரியராக இருந்து தன் ருசிக்கு நடத்தலாம். இத்தனையும் இதழின் குணங்கள். இணையத்தில் வருவதை மின்னிதழ் என்கிறோம். அதற்குப் பக்கத்தில் ஒலியிதழ் முரண்டு பிடிக்காமல் உட்காருகிறது. இதழுக்கு உதடு என்ற பொருளும் இருப்பதால், வாயால் பேசி நடத்தும் இதழுக்கு இந்தச் சொல் இன்னும் பிடித்துப்போகிறது எனக்கு.

இதற்கு என் முதல் சாட்சி, கரீனா லாங்வொர்த் 2014-இல் தொடங்கிய 'யூ மஸ்ட் ரிமெம்பர் திஸ்'. பட்டியலில் முதலிடம் இதற்கே தர வேண்டும் என்பது என் வாதம். ஹாலிவுட்டின் முதல் நூற்றாண்டில் மறைக்கப்பட்டதும் மறந்துபோனதுமான கதைகள்தான் பொருள். விருந்தினரை அழைத்து அரட்டை அடிக்கும் நிகழ்ச்சி இல்லை. அவரே தேடுகிறார், எழுதுகிறார், வாசிக்கிறார். 2018-இல் ஒரு முழுத் தொகுதியை, கென்னத் ஆங்கர் எழுதிய 'ஹாலிவுட் பாபிலோன்' என்ற புகழ்பெற்ற வதந்திப் புத்தகத்தைச் சரிபார்ப்பதற்கே ஒதுக்கினார். பேசாப்பட நாயகி கிளாரா போவைப் பற்றி அந்தப் புத்தகம் பரப்பிய அசிங்கமான கதை உட்பட, ஒவ்வொன்றாக எடுத்து இது நடந்தது, இது நடக்கவில்லை, இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிக்கொண்டு போகிறார். கிசுகிசுவை வைத்தே கிசுகிசுவுக்கு எதிராக ஒரு வேலை. நட்சத்திரங்களைப் பற்றிப் பேச ஆசைப்படும் யாரும் முதலில் கேட்க வேண்டிய தொகுதி இது.

2020-இல் அவர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். பாலி பிளாட் என்ற தயாரிப்பு வடிவமைப்பாளரைப் பற்றிய தொகுதி அது. பிளாட் எழுதி அச்சேறாமல் போன தன்வரலாற்றை அடிப்படையாக வைத்துச் சொன்னார். இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சின் மனைவியாக, 1971-இல் வந்த 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'வில் அவருடன் வேலை செய்தவர் பிளாட். அந்தப் படப்பிடிப்பின்போதுதான் மணவாழ்க்கை முறிந்தது. அதே 2020-இல், பழைய படங்களை ஒளிபரப்பும் அமெரிக்கத் தொலைக்காட்சியான டி.சி.எம். 'தி ப்ளாட் திக்கன்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. நடத்துபவர் பென் மான்கீவிச். 'சிட்டிசன் கேன்' திரைக்கதையில் பங்குள்ள ஹெர்மன் மான்கீவிச்சின் பேரன். அதன் முதல் தொகுதி போக்டனோவிச்சே தன் கதையைச் சொல்வது. ஒரே திருமணம், ஒரே படங்கள். இங்கே அவர் பக்கம், அங்கே அந்த அம்மாவின் பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், படத்தின் பெயர் வரிசையில் ஒரு பெயர் ஏன் மேலே போகிறது, ஒரு பெயர் ஏன் கீழே இறங்குகிறது என்பது புரியும். பட்டியலில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, சேர்த்துக் கேளுங்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

'தி ப்ளாட் திக்கன்ஸ்' இரண்டாம் தொகுதியையும் விட்டுவிடாதீர்கள். பெரும் செலவில் எடுத்து 1990-இல் படுதோல்வி அடைந்த 'தி பான்ஃபயர் ஆஃப் தி வேனிட்டீஸ்' படப்பிடிப்பில் ஜூலி சாலமன் என்ற பத்திரிகையாளரை உடனிருக்க அனுமதித்தார்கள். அவர் அதை நூலாக எழுதினார். அன்று ஒலிநாடாவில் பதிந்து வைத்த குரல்களை இந்தத் தொகுதியில்தான் கேட்கிறோம். தோல்வி வரப்போகிறது என்று தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு அது. இதைத் தாளில் கொண்டுவர முடியாது. ஒலியிதழில் 'ஒலி' என்ற பாதி ஏன் வேண்டும் என்பதற்கு இதையே காட்டலாம்.

> இதழ் என்பது கௌரவமான சொல். பிரபலங்களைப் பற்றிய பாட்காஸ்டுகளில் பாதிக்கு மேல் வம்பு. அதற்குப் போய் இதழா?

அக்கா, இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம் சினிமா இதழ்களின் வரலாற்றிலேயே இரண்டும் இருக்கின்றன. 'பேசும் படம்' வந்த அதே 1940-களில்தான் லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது'வும் 'இந்து நேசன்'னும் வந்தன. நட்சத்திரங்களின் அந்தரங்கம் என்று அவர் அச்சிட்டதை ஊரே வாங்கிப் படித்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் விடுதலை ஆனார்கள். அதற்குள் பாகவதரின் காலம் முடிந்துவிட்டது. இதழ் என்ற சொல் இதையும் தாங்கியிருக்கிறது. ஆகவே வம்பு பேசும் ஒலியிதழும் ஒலியிதழ்தான். நல்லதா கெட்டதா என்பதைப் பரிந்துரைக்கிறவர் சொல்லட்டும். லாங்வொர்த் ஹாலிவுட்டுக்குச் செய்ததை இந்த வழக்குக்கு யாராவது தமிழில் செய்தால், நீதிமன்ற ஆவணங்களையும் அன்றைய நாளிதழ்களையும் வைத்து நிதானமாகச் செய்தால், நம் பட்டியலில் முதலிடத்தை நான் அதற்கு மாற்றித் தருவேன்.

அடுத்து, சொல் குட்டி போடுமா என்று பார்க்க வேண்டும். பிளாகுக்கு வந்த வலைப்பூ, வலைப்பதிவு இரண்டும் அழகான சொற்கள்தான். ஆனால் எழுதுகிறவரைக் குறிக்க வலைப்பதிவர் என்று சட்டென வந்தது. வலைப்பூவிலிருந்து அப்படி ஒன்று வரவில்லை. ஒலித்தொடரில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதுதான். நடத்துபவரை ஒலித்தொடராளர் என்றால் தொடர் ஓட்டக்காரர் போல் ஒலிக்கிறது. மேலும் வாரம் ஒரு விருந்தினருடன் பேசும் நிகழ்ச்சியில் தொடர்ச்சி ஏது? மார்க் மேரன் 2009 முதல் 2025 வரை நடத்திய 'டபிள்யூ.டி.எஃப்'பை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து நகைச்சுவைக் கலைஞர்களிடமும் நடிகர்களிடமும் பேசினார். 2015-இல் அதிபராக இருந்த ஒபாமாவே அந்தக் கொட்டகைக்கு வந்தார். ஒவ்வொன்றும் தனித்தனி உரையாடல். ஒலியிதழ் என்றால் இதுவும் அடங்கும், லாங்வொர்த்தின் தொகுதிகளும் அடங்கும். இதழாளர் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் ஒலியிதழாளர் தானாக வருகிறது.

எபிசோடுக்குப் பகுதி போதும். 'பகுதி 12' என்று எழுதினால் யாருக்கும் புரியும். சீசனுக்குத்தான் இழையில் சண்டை. பருவம் என்பது மழைக்கால வெயில்காலச் சொல், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது என்று ஒரு மடல் வந்திருந்தது. அப்படி இல்லை. ஆதி பருவம், சபா பருவம், ஆரணிய பருவம் என்று வில்லிபாரதமே பத்துப் பருவங்களாகத்தான் பிரிந்திருக்கிறது. நீண்ட கதையின் பெரிய பிரிவுக்குப் பருவம் என்பது நம் பழைய வழக்கு. நான் மேலே தொகுதி என்று எழுதிய இடங்களில் எல்லாம் பருவம் என்று வைத்துப் படித்துப் பாருங்கள், சரியாக இருக்கும்.

> முகம் காட்டிப் பேசும் வீடியோ பாட்காஸ்டை என்ன செய்வது?

தமிழில் இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் நம்மிடம் சினிமா பற்றி இருப்பதில் பெரும்பகுதி யூடியூபில்தான் இருக்கிறது. சித்ரா லட்சுமணனின் 'டூரிங் டாக்கீஸ்' சேனலில் வரும் 'சாய் வித் சித்ரா'வைப் பட்டியலில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் இருந்தவர் என்பதால், எதிரே இருப்பவர் ஒரு படத்தின் பெயரைச் சொன்னதும் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே கேட்டாலும் எதுவும் குறையாது. அதுவே நம் அளவுகோலாக இருக்கட்டும்: பார்க்காமல் கேட்டாலும் முழுமையாக இருந்தால் ஒலியிதழ். படக்காட்சிகளை ஓட்டிக் காட்டி விளக்குவது என்றால் அது காணொளி, வேறு பட்டியல்.

பேச்சில் பாட்காஸ்ட் என்று சொல்வதை யாரும் தடுக்க வேண்டாம். எழுத்திலும் முதல் தடவை 'பாட்காஸ்ட் எனப்படும் ஒலியிதழ்' என்று எழுதிவிட்டு, பிறகு ஒலியிதழ் என்றே தொடரலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்க்க இரண்டு குறிப்புகளை வரைவாகத் தருகிறேன்.

'ஸ்கிரிப்ட்நோட்ஸ்: திரைக்கதையாசிரியர்கள் ஜான் ஆகஸ்டும் கிரெய்க் மேசினும் 2011 முதல் நடத்தும் வார ஒலியிதழ். திரைக்கதை எழுதுவதில் உள்ள நுட்பங்களோடு, சம்பளம், ஒப்பந்தம், சங்கம் எல்லாம் பேசுவார்கள். உரையாடலின் எழுத்துப்படியும் கிடைக்கும். எந்தப் பகுதியிலும் தொடங்கலாம்.'

'தி டவுன்: ஹாலிவுட் ரிப்போர்ட்டர் இதழின் முன்னாள் ஆசிரியர் மேத்யூ பெல்லோனி 2022-இல் தொடங்கிய தொழில்செய்தி ஒலியிதழ். ஸ்டுடியோ கைமாறல், வசூல் கணக்கு, ஓ.டி.டி. நிறுவனங்களின் கணக்கு வழக்கு. பகுதிகள் சிறியவை, செய்தி சூடாக இருக்கும்போதே கேட்பது நல்லது.'

ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் தன் மனைவி ஜேம்ஸுடன் 2020 முதல் நடத்தும் 'டீம் டீக்கின்ஸ்' பற்றி நான் எழுதவில்லை. லென்ஸ், ஒளியமைப்புச் சொற்கள் நிறைய வரும். கேமரா உதவியாளராக இருக்கும் தம்பி எழுதினால், படப்பிடிப்புத் தளத்தில் உண்மையாகவே புழங்கும் சொற்கள் கிடைக்கும்.

ஒவ்வொரு பகுதிக்கும் கீழே தரும் ஷோ நோட்ஸுக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. உடன்குறிப்பு என்று வைக்கலாமா? இதைவிட நல்லது தோன்றினால், அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.