எச்.ஐ.வி. புராஜெக்ட் மூடிய பிறகு மலையில் நீங்கள் சந்தித்த அந்த ஒருவர்

குன்னூர்க்காரி:

டி.ஐ. என்று சொல்லும் எச்.ஐ.வி. தடுப்பு புராஜெக்ட்டில், பாலியல் தொழில் செய்யும் பொண்ணுங்களிடம் ஒன்பது வருஷம் அவுட்ரீச் பார்த்தவள் நான். வெளிநாட்டுப் பணம் நின்றது, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பினார்கள். இங்கே பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன், மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

குன்னூர் பஸ் ஸ்டாண்ட், மேட்டுப்பாளையம் வண்டி நிற்கிற பக்கம். நல்ல மழை. சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்ததில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கிட்டே வந்து பர்ஸைத் திறந்து, ஜிப் போட்ட உள்ளறையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். எங்கள் டிராப் இன் சென்டர் கார்டு. லேமினேஷன் ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கி, எழுத்தெல்லாம் அழிந்து, என் கையெழுத்து மட்டும் நீலமாகப் படர்ந்து கிடந்தது.

"அக்கா, இதுக்கு இப்ப எங்க போகணும்?"

அந்த சென்டர் என்பது காய்கறி மண்டிக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு கீஸர், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, நாலு பாய். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற பொண்ணுங்க காலையில் வந்து சுடுதண்ணியில் குளித்து ஒரு மணி நேரம் கண்ணயர்வார்கள். எழுந்து தலை பின்னிக்கொண்டே பேசுவார்கள். ஆணுறை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேதான் வரும். மூடும்போது ஒப்படைப்புப் பட்டியல் போட்டோம்: நாற்காலி, பீரோ, ஆணுறை செயல்விளக்க மாடல், ரிஜிஸ்டர் பதினொன்று. கீஸர் பட்டியலில் இல்லை. வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டார்.

"அரசு நம்பிக்கை மையத்துக்குப் போம்மா, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம்தான்" என்றேன். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒரு பேர் இல்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கூடலூர்_கொழுந்து:

அக்கா, உங்கள் கார்டைப் படித்ததும் எங்கள் ஆட்டோ அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். லயத்து வரிசை வீட்டில் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவை எடுத்தாலே கலகலவென்று சத்தம். அதனால் அம்மா தலையணையிலிருந்து இலவம்பஞ்சைப் பிய்த்து டப்பாவுக்குள் அடைத்து வைப்பார். தொண்டு நிறுவனத்து அண்ணன் ஒருவர் மாதம் ஒருமுறை டீத்தூள் பாக்கெட்டுக்குள் மாத்திரையை வைத்துக் கொண்டுவருவார். வாசலில் நின்று "தூள் வந்திருக்கு" என்பார். எனக்கு அப்போது பதினாறு வயது. எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் வருவது நின்றதும் அண்ணனும் வரவில்லை. மாத்திரைக்காக ஊட்டிக்குப் போய் வர நூறு கிலோமீட்டர், அன்றைய சம்பளம் போச்சு. மாசாமாசம் எங்கே போகிறாய் என்று மேஸ்திரி வேறு கேட்பார். அம்மா மூன்று மாதம் போகவே இல்லை.

அந்த மூன்றாவது மாதம்தான் கூடலூரில் அண்ணனைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறினேன், கூடவே இன்னும் இரண்டு பேர். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, "அம்மா தூள் குடிக்கிறாங்களா பாப்பா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

காசு வாங்காமல் போய்விட்டார். அன்றைக்கு இல்லையென்று சொல்லியிருந்தால் ஆட்டோவைத் திருப்பி நேராக எங்கள் லயத்துக்கு வந்திருப்பார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். அம்மாவுக்கு அப்புறம் காசநோயும் சேர்ந்தது, மருந்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது நன்றாக இருக்கிறார். ஏன் ஆமாம் என்றேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆலோசகர்_ஊட்டி:

இரண்டு பேர் எழுதியதும் மனசைத் தொட்டது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பணம் தரும் வெளிநாட்டு டோனர் போனால் மருந்து போய்விடும் என்ற எண்ணத்தை நாம் பரப்பக் கூடாது. ஏன் சொல்கிறேன் என்றால், 2025 பிப்ரவரியில் மஞ்சூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். மழைக்கோட்டுக்குள் இருந்து, மருந்து வாங்கிய விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "டி.வி.ல சொன்னான், அமெரிக்காக்காரன் நிறுத்திட்டானாமே. எனக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு சார்?" என்று கேட்டார். உயிரோடு இருக்கப்போகும் மாதங்களைத்தான் கேட்டார். ராத்திரி எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆகவே கணக்கைச் சொல்கிறேன். நாட்டில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் இலவசம். 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்கான ஐந்தாம் கட்டத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கியது 15,471.94 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசுப் பணம். கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கிய அவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை 2009இலிருந்து படிப்படியாக அரசு எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் கதவைப் பூட்டவில்லை. 2025இல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எய்டு பணம் நின்றபோது ஹைதராபாத், கல்யாண், புனே ஊர்களில் திருநங்கையர் கிளினிக்குகளை மூட வேண்டி வந்ததும் உண்மைதான். அங்கே வந்தவர்கள் பாவம், அது பெரிய இழப்பு. ஆனால் மஞ்சூர்ப் பெரியவரின் மாத்திரைக்கு அதனால் ஆபத்து வரவில்லை. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பெருமாள்மலை_தாய்:

கொடைக்கானல் பக்கம். நான் திருநங்கை.

சார், மருந்து இருக்கிறது, யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தருகிற ஆஸ்பத்திரி ஜன்னல் வரைக்கும் எப்படிப் போவது என்பதுதான் எங்கள் பேச்சு.

என் மகள், திருநங்கையர் குடும்பமான எங்கள் ஜமாத்துக்குப் புதுசாக வந்தவள், இருபது வயது. முதல்முறையாகப் பரிசோதனைக்குச் சம்மதித்தாள், அதற்கே நான் ஒரு வருஷம் கெஞ்சியிருப்பேன். கீழே இறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஊர் பேர் வேண்டாம். முன்பெல்லாம் எங்களில் ஒருத்தியாக இருந்து புராஜெக்ட்டில் வேலை பார்த்த பியர் அக்கா ஒருத்தி கவுண்டர் பக்கத்திலேயே நிற்பாள். "பேரைக் கூப்பிடாதீங்க, நம்பரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் பழக்கி வைத்திருந்தாள். புராஜெக்ட் முடிந்து சம்பளம் நின்றதும் அவள் பிழைப்பு தேடி ஊரை விட்டே போய்விட்டாள். அவளோடு அந்தப் பழக்கமும் போயிற்று.

கவுண்டரில் ஆதாரில் இருந்த பழைய பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாக. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து கீழே விழுந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தாள். நான் வாசலுக்கு வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாள். எந்த பஸ் என்றுகூட எனக்குத் தெரியாது. எட்டு மாதம் ஆகிறது. வளையல் துண்டு என்னிடம் இருக்கிறது.

கோத்தகிரி_கேரட்:

ஆலோசகர் சார், ஒருநாளும் மருந்துக்குத் தட்டுப்பாடு வராதது போல எழுதியிருக்கிறீர்கள். 2022 ஜூலையில் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் எச்.ஐ.வி. பாசிடிவ் மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்களே, எதற்காக? மாத்திரைக்காகத்தான். முழுக்க அரசுப் பணம் என்பது நல்ல விஷயம். ஆனால் ஒரு டெண்டர் தாமதமானால் மலையில் இருப்பவனுக்குத்தான் முதலில் அடி.

இன்னொன்று, மேப்பிங். ஓர் இடத்தில் இத்தனை பேர் இருந்தால்தான் டி.ஐ. கிடைக்கும் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் தலை எண்ண வந்தது ஜூலை மழையில். ஏப்ரல், மே சீசனில் வந்து பார்த்திருந்தால் கீழேயிருந்து வந்து லாட்ஜ்களில் தங்கும் பொண்ணுங்க எத்தனை பேர் என்று தெரிந்திருக்கும். மழையில் எண்ணிவிட்டு ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

என் அனுபவம் சின்னதுதான். 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேல் உயிர் போன மழை. ரோடு எங்கும் அறுந்து கிடந்தது. கட்டபெட்டு பக்கம் ஒருவர் தோளில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். எங்கே போகிறீர்கள் என்றேன். "நாலு பேருக்கு இன்னைக்கோட தீருது" என்றார். என்ன தீருது என்று நான் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

வத்தலக்குண்டு_டெம்போ:

பூம்பாறைப் பூண்டு, மன்னவனூர் கேரட் ஏற்றி இறக்குகிறவன் நான். மலை ஏறும் வழியில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் ஒரு ஆணுறைப் பெட்டி தொங்கும். மாதம் ஒருமுறை யாரோ வந்து நிரப்புவார்கள். நின்றுபோனது. கடைக்காரர் அதில் இப்போது பீடிக்கட்டு வைத்திருக்கிறார். போன வாரம் புது கிளீனர் பையன் பழக்கதோஷத்தில் கையை விட்டுப் பார்த்து, பீடியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் முகம் கண்ணிலேயே நிற்கிறது. இவ்வளவுதான் என் கதை.

ஆனால் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம் சொல்கிறேன், என் தம்பி பத்து வருஷமாக மருந்து சாப்பிடுகிறான், அதனால் தெரியும். பயமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் போடுங்கள். இலவசம், பேர் சொல்ல வேண்டியதில்லை. தப்பு நடந்த மறுநாளே ஓடிப்போய்ப் பரிசோதித்து, இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வேலைக்கு ஊர் மாறினால் மருந்து வாங்கும் சென்டரில் சொல்லி டிரான்ஸ்ஃபர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பூரோ பெங்களூரோ அங்கேயே மருந்து கிடைக்கும். பச்சைப் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். மழைக்காலத்தில் மாத்திரை தீர்கிற அன்றைக்கு மலை இறங்காதீர்கள், ஒரு வாரம் முன்னாலேயே போங்கள். ஆலோசகரிடம் ரோடு நிலவரத்தைச் சொல்லி, கூடுதல் மாதத்துக்குத் தரமுடியுமா என்று கூசாமல் கேளுங்கள். இடையில் விட்டவர்கள் திட்டுக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், உயிர் முக்கியம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். கண்டறிய முடியாத அளவு என்று வந்து, மருந்தும் விடாமல் சாப்பிட்டால் உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. என் தம்பிக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. குழந்தைக்கும் பரிசோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

பெருமாள்மலை அம்மா, உங்களுக்கும் ஒன்று. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியில் ஒதுக்கவும் கூடாது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

பெருமாள்மலை_தாய்:

புகார் அப்புறம் கொடுக்கலாம் தம்பி. நீ மலை முழுக்க வண்டி ஓட்டுகிறாய். வலது கையில் மயில் பச்சை குத்திய பொண்ணு ஒருத்தியைப் பார்த்தால், அம்மா திட்டமாட்டாள் என்று மட்டும் சொல்.

குன்னூர்க்காரி:

ஆலோசகர் சார், உங்கள்மேல் வருத்தம் இல்லை. மஞ்சூர்ப் பெரியவருக்கு நீங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னீர்கள் இல்லையா, என்னிடம் வந்தவளுக்கும் அப்படி உட்கார ஒரு ஆள் வேண்டும். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முந்தாநாள் அதே பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றேன். வந்தாள். நம்பிக்கை மையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதும்போது கார்டை எடுத்து நீட்டினாள், அந்தப் பொண்ணு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் அவளுடையது, நான் கேட்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டே, "இங்க சுடுதண்ணி இருக்காக்கா?" என்றாள்.

வீட்டுக்கு அழைத்துவந்து கீஸரைப் போட்டேன். என் மருமகள் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.