கார்புரேட்டருக்கு மருந்து ஊற்றிய கதைகள்

சோழவந்தான் தோப்புக்காரர்:
தென்னந்தோப்பில் களை வெட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். மார்கழியில் வேலை முடிந்ததும் டேங்கில் பாதி பெட்ரோலோடு அப்படியே சாய்ப்பில் சாத்திவிட்டேன். சித்திரைத் திருவிழா முடிந்து எடுத்து இழுத்தால், கயிறு வருகிறதே தவிர இஞ்சின் இருமக்கூட இல்லை. மதுரையில் ஒரு கடையில், "இதை ஊத்துங்கண்ணே, அழுக்கெல்லாம் கரைஞ்சிரும்" என்று பெட்ரோலில் கலக்கும் ஒரு கிளீனர் பாட்டிலைக் கொடுத்தார்கள். ஒரு மூடிக்கு ரெண்டு மூடியாக ஊற்றினேன். ஆசைதான்!

ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிஷத்தில் நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்தபோது, டேங்கில் கரைந்து வந்த பிசின், பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருந்தது. அவர் மிச்சப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் காட்டியதுதான் எனக்குப் பாடம். அடியில் தனியாக ஒரு தண்ணீர் அடுக்கு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். இஞ்சின் தேயாமல் இருக்க நாம் பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடி அடுக்கை இஞ்சின் உறிஞ்சினால் பிஸ்டனுக்கு ஆயிலே இல்லை. நல்லவேளை, பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடிக்கும் முன்னே நின்றது.

மேலூர், சவுண்ட் சர்வீஸ்:
அண்ணே, பாட்டிலை மட்டும் திட்டாதீங்க. எங்க ஜெனரேட்டர் லோடே இல்லாதப்பவும் ஏறி இறங்கி ஓடிக்கிட்டிருந்தது. பாலிஈதரமைன்னு அழுக்கைக் கரைக்கிற ரசாயனம் உள்ள கிளீனரை, பாட்டிலில் போட்டிருந்த அளவுக்கே புதுப் பெட்ரோலில் கலந்து ரெண்டு டேங்க் ஓட்டினோம், சீரானது. தினம் ஓடுற மெஷினில் லேசாகப் படிந்த அழுக்கு, அவ்வளவுதான். மாசக்கணக்கா கிடந்ததுக்கு அது ஆகாது. இப்ப சீசன் முடிஞ்சா டேங்கிலிருந்து பெட்ரோல் வர்ற வால்வை, அதான் காக், மூடிட்டு, தானா நிற்கிற வரைக்கும் ஓட விடுறோம்.

திருமங்கலம்:
பாம்பனில் என் மச்சான் வள்ளத்தில் அவுட்போர்டு மோட்டார் ஓட்டுகிறார். நானும் ஆசையாக ஒரு பாட்டில் வாங்கிப் போனேன். சிரித்துக்கொண்டே, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பாதி கிண்ணம் தண்ணீர். "இதுக்கு மருந்து எதுக்கு மாப்ள, வடிச்சா போச்சு" என்றார். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரைக் கழுவுகிறார். அது கூலிங் வழியில் ஏறிய உப்புக்கு. பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறாராம், மூடி திறக்காமல்.

சோழவந்தான் தோப்புக்காரர்:
மேலூர் தம்பி சொன்னது சரி. என் கட்டரில் காக் இல்லை, அதனால் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, பெட்ரோலை இழுக்கும் ரப்பர் குமிழான பிரைமரை அமுக்கி மிச்சத்தையும் ஓட்டித் தீர்க்கிறேன். வடித்த பெட்ரோலில் டூ டி ஆயில் இருப்பதால் பைக்கில் ஊற்றக்கூடாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இனி தேவைக்கு அரை லிட்டர்தான் கலக்குவது.