கோத்தகிரியில் சின்ன தேயிலை வியாபாரம்: எந்த மாதிரி வெப்சைட் சரிப்படும்?

கோத்தகிரி_தேயிலை:
வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை, அதனால் ஒரு பகுதி இலையை வீட்டிலேயே கையால் உருட்டிக் காயவைத்து பாக்கெட் போடுகிறோம், கூடவே தேனும் யூகலிப்டஸ் தைலமும் உண்டு. சீசனில் வருகிறவர்கள் வாங்கிப் போய்விட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் "இன்னும் அரை கிலோ அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். சென்னை, பெங்களூரு ஆட்கள்தான் அதிகம். இப்போது ஒருவர் கார்ட் (வாங்குகிறவர் பொருளைத் தேர்ந்து போடுகிற கூடை), பேமென்ட் எல்லாம் வைத்து முழு ஆன்லைன் கடை செய்து தர 45 ஆயிரம் கேட்கிறார். தம்பி ஒரே ஒரு பக்கம் போதும் என்கிறான். வீட்டுக்காரரோ அமேசானில் போட்டுவிடலாம் என்கிறார். மாதம் முப்பது, நாற்பது ஆர்டர்தான் வரும். எதைச் செய்வது?

பூம்பாறை_ஹோம்ஸ்டே:
அக்கா, உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் அங்கே என்ன செய்யப்போகிறார் என்று முதலில் பாருங்கள், எந்த வகை என்பது அதிலேயே தெரிந்துவிடும். நான் கொடைக்கானல் மேலே பூம்பாறையில் இரண்டு அறை விடுகிறேன். என்னிடம் வருகிறவர் வாடகை எவ்வளவு, வண்டி வீடு வரை வருமா, இந்தத் தேதியில் அறை இருக்கிறதா என்று கேட்பார், அவ்வளவுதான். 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகு அதைப் பற்றியும் கேட்கிறார்கள். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, போட்டோக்களும் வாட்ஸ்அப் பட்டனும் வைத்திருக்கிறேன். எனக்கு அது தாராளம். உங்களிடமும் கடைக்கு வந்து ருசி பார்த்தவர்கள்தானே திரும்பக் கேட்கிறார்கள், தம்பி சொல்வதுதான் சரி.

குன்னூர்_கடைவீதி:
ஹோம்ஸ்டே நண்பர் சொல்வது அறைக்குப் பொருந்தும், பார்சலுக்கு அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் விலாசம் கேட்டு, பின்கோடு கேட்டு, கூரியர் கூலி சொல்லி, பணம் வந்ததா என்று பார்த்து, இதெல்லாம் ராத்திரி உட்கார்ந்து செய்கிற வேலை, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்டர் கூடினால் கார்ட் வேண்டியிருக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற காரியங்களை யாரும் சொல்லவில்லையே. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா? தமிழ்நாட்டுக்குள் சின்ன அளவில் விற்கும் வரை ஜிஎஸ்டி தொந்தரவு இல்லை, ஆனால் பாக்கெட் தேயிலைக்கு வரி உண்டு என்பதால் பெங்களூருக்கு விற்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் தைலம் தீப்பிடிக்கிற சரக்கு. தபாலிலும் விமானத்தில் போகிற கூரியரிலும் எடுக்க மாட்டார்கள். அதை எந்த வெப்சைட்டிலும் தேயிலையோடு ஒரே கூடையில் போட விடாதீர்கள், "கடையில் மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.

அமேசானில் புது ஆட்கள் கிடைப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் பிடிக்கிற கட்டணம் போகும், வாங்கியவர் நம்பரும் உங்கள் கைக்கு வராது. உங்கள் பலமே திரும்ப வாங்குகிறவர்கள்தான், அவர்களைக் கொண்டுபோய் அங்கே விடாதீர்கள்.

கோவை_வெப்:
இந்த வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நாற்பது ஆர்டருக்கு 45 ஆயிரம் இப்போது வேண்டாம். அது செய்கிற செலவு மட்டும்தான். வெப்சைட் செய்கிற வேர்ட்பிரஸ்ஸும் அதில் கடை சேர்க்கிற வூகாமர்ஸும் இலவசம், ஆனால் ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற இடம்) வாடகை, அப்டேட், பேக்கப் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டால் ஹேக் ஆகிவிடும். ஷாப்பிஃபை என்ற ரெடிமேட் ஆன்லைன் கடைச் சேவையில் அந்தத் தலைவலி குறைவு, ஆனால் ஒரு பாக்கெட் விற்காவிட்டாலும் மாத வாடகை கட்டியே ஆக வேண்டும். சைட்டிலேயே பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வே பொதுவாக 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். யுபிஐ க்யூஆரில் நேராக வாங்கினால் முழுப் பணமும் வரும்.

ஒரு பக்க சைட்டை நெட்லிஃபை மாதிரி இடத்தில் இலவசமாகவே வைக்கலாம், டொமைனுக்கு, அதாவது சைட்டின் முகவரிப் பெயருக்கு மட்டும் வருடம் சுமார் ஆயிரம் ரூபாய். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) 500 பொருள் வரை போடலாம், உங்களுக்குப் பத்து இருக்குமா? அந்தப் பக்கத்தில் விலை, எடை, கூரியர் கூலி, எந்தக் கிழமை அனுப்புவீர்கள் என்பதைத் தெளிவாக எழுதிவிட்டாலே குன்னூர் நண்பர் சொன்ன ராத்திரி வேலை பாதி குறையும். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்திருக்கிறீர்களா? முன்பு அதோடு இலவசமாக வந்த வெப்சைட்டை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கடைப் பதிவு இப்போதும் இலவசம்தான், சீசன் ஆட்கள் அதில்தான் தேடுவார்கள். போட்டோக்களைச் சுருக்கிப் போடுங்கள், மலை ரோட்டில் சிக்னல் வந்து வந்து போகும்.

யார் செய்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். செய்து கொடுத்தவர் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு போன் எடுக்காமல் போனதால் ஊர் முழுக்கத் தெரிந்த முகவரியையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோத்தகிரி_தேயிலை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது, ஜிஎஸ்டி இல்லை, இந்த வாரமே ஆடிட்டரைப் பார்க்கிறோம். ஒரு பக்கம், கேட்டலாக், கூகுள் மேப், இதோடு ஆரம்பிக்கிறோம். தைலம் கடையில் மட்டும். பிறகு கார்ட் வேண்டுமென்றால் டொமைனை மாற்ற வேண்டியிருக்குமா?

கோவை_வெப்:
வேண்டாம், அதே டொமைனைப் புதுக் கடைக்குத் திருப்பிவிடலாம். பாக்கெட்டில் இப்போதே அச்சடித்துவிடுங்கள்.