பனிச்சறுக்கப் போய்வந்த கடலூர், புதுவைக்காரர்களே, எங்கே தங்கினீர்கள்?

லாஸ்பேட்டை:

பொங்கல் விடுமுறையோடு கொஞ்சம் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தோடு பனிச்சறுக்குப் பழகப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. பெரியவளுக்குப் பதினான்கு வயது, சின்னவனுக்கு எட்டு. பயண நிறுவனங்கள் அனுப்பும் படங்களில் எல்லா விடுதிகளும் சரிவின் மடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. போய்த் தங்கியவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். சுற்றிப்பார்த்த கதை வேண்டாம். அறை எப்படி, சொல்லிக்கொடுத்தவர்கள் எப்படி, செலவு எங்கே எகிறியது, இவை போதும்.

திருப்பாதிரிப்புலியூர்:

நாங்கள் போனது அவுலி. உத்தராகண்டில், சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கிறது. ஜோஷிமட்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று யாரோ சொல்லிவிட, என் மாமியாரும் கிளம்பிவிட்டார். திருவந்திபுரம் பெருமாளை வாரம் தவறாமல் சேவிக்கிறவர். "இங்கே பாடிய ஆழ்வார்தானே அங்கேயும் பாடியிருக்கிறார், நான் மட்டும் ஏன் வீட்டைக் காக்க வேண்டும்?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். சமவெளிக் கணக்கில் பார்க்காதீர்கள், முழுப் பகலும் அதற்கே போய்விடும். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று வரிசையாக வருகின்றன. மாமியார் ஒவ்வொரு பிரயாகையிலும் கும்பிட்டார். என் பையன் ஒவ்வொரு பிரயாகையிலும் வாந்தி எடுத்தான்.

ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ரோப்கார் உண்டு. 2023 ஜனவரியில் ஊரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். நாங்கள் போனபோதும் ஓடவில்லை. ஆகவே சாலை வழிதான். பனி விழுந்த மறுநாள் காலையில், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள் மட்டுமே ஏறுகின்றன, அவர்கள் கேட்பதுதான் கூலி. கீழே அறை மலிவு என்று ஜோஷிமட்டில் தங்கினால், மிச்சம் பிடித்த பணமும் வெளிச்சம் இருக்கும் பொழுதில் பாதியும் அந்தச் சாலையிலேயே கரைந்துவிடும். குறைந்த நாட்களுக்குப் போகிறவர்கள் மேலேதான் தங்க வேண்டும்.

மேலே நாங்கள் எடுத்தது ஒரு தனியார் விடுதி, பெயர் வேண்டாம். "சரிவிலிருந்து ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். இறங்கிப் போக ஐந்து நிமிடம், உண்மைதான். மாலையில் சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து ஏறி வந்து பார்த்தால்தான் மீதி தெரியும். பலகையில் பூட்டிக்கொள்ளும் அந்தக் காலணியோடு நடப்பது, சிமெண்ட் இறுகிய வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவது போல இருந்தது. அறையில் ஒரே ஒரு மின்ஹீட்டர். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டு என்றார்கள், அது இரவு பத்து மணியோடு நின்றுவிடும் என்பதைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னார்கள். குழாய் உறைந்துவிட்டதால் காலையில் வாளியில்தான் வெந்நீர். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நனைந்த கையுறை விடியும்வரை உலராமல் கிடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஈரக் கையுறையோடு பழகப் போன பிள்ளை அரை மணிநேரத்தில் விரல் வலிக்கிறது என்று அழுதுகொண்டு திரும்பிவிடும். விடுதிக்குப் போன் செய்தால் காலை உணவில் என்ன உண்டு என்று கேட்காதீர்கள், துணி உலர்த்த இடம் உண்டா என்று கேளுங்கள்.

சொல்லிக்கொடுத்தவரைப் பற்றித் தாராளமாகவே சொல்லலாம். மாநிலச் சுற்றுலாக் கழகமான ஜிஎம்விஎன் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சிகள் நடத்துகிறது, விடுப்பு இருப்பவர்களுக்கு அதுவே சரி. எங்களுக்கு நாள் போதாததால் மணிக்கணக்கில் ஒரு பயிற்றுநரை அமர்த்திக்கொண்டோம். ஜோஷிமட் இளைஞர், கோடையில் பத்ரிநாத் யாத்திரிகர்களுக்கு வண்டி ஓட்டுகிறவர். முதலில் பலகையே தரவில்லை. காலணியோடு மட்டும் நடக்கவைத்தார். பிறகு ஒரு காலில் பலகை, மற்றக் கால் சும்மா. பிறகு சரிவுக்குக் குறுக்கே நின்று பக்கவாட்டில் ஏறவைத்தார். பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டான், அவர் மசியவில்லை. விழுந்தால் பலகைகள் இரண்டையும் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு எழ வேண்டும், இல்லையென்றால் எழும்போதே மறுபடி இழுத்துக்கொண்டு போகும். நிறுத்துவதற்கு முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகட்ட வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதற்கே ஒரு பகல் பிடித்தது, ஆனால் எங்களில் ஒருவருக்கும் அடிபடவில்லை.

மாமியார் போர்வைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவியையும் பார்த்தார், நாங்கள் விழுவதையும் பார்த்தார். யார் எத்தனை முறை விழுந்தார்கள் என்று இரவில் கணக்கு ஒப்பித்தார். முதலிடம் என் கணவருக்கு. கடலூர் வெயிலில் வளர்ந்த தோலுக்குப் பூச்சு எதற்கு என்று அலட்சியம் பேசியவரும் அவர்தான். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஊர் திரும்பும்போது மூக்குத் தோல் உரிந்திருந்தது.

முதலியார்பேட்டை:

லாஸ்பேட்டை ஐயா, பொங்கலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். 2024 ஜனவரியில் நான் குல்மர்க் போனேன். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் சில்லாய் கலான், காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம். அப்போதே பனி இல்லாவிட்டால் எப்போது இருக்கும் என்பது என் வாதம். போய் இறங்கினால் மைதானம் முழுக்கப் பழுப்புப் புல். அந்த ஆண்டு அங்கே ஜனவரி முழுக்கவே ஏறக்குறைய வறட்சிதான் என்று செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். விடுதிக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். "பனி எங்கள் கையிலா இருக்கிறது?" என்றார். கேள்வி நியாயம்தான், வரவேற்பறைச் சுவரில் இடுப்பளவு பனியோடு அத்தனை படங்களை மாட்டிவைத்துக்கொண்டு கேட்டதுதான் உறைத்தது.

வாசலில் மரச் சறுக்குவண்டி இழுக்கும் பெரியவர் ஒருவர், ஃபெரன் என்கிற நீள அங்கிக்குள் காங்கிரி என்கிற தணல் சட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் என்னைப் பார்த்து, "நாளைக்கு வரும்" என்பார். ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். எனக்குப் போனது விடுமுறை, அவருக்குப் போனது ஆண்டு வருமானம். அதற்குப் பிறகு விடுதிக்காரரிடம் சண்டை போட மனம் வரவில்லை. பிப்ரவரியில் பனி கொட்டி, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தன. நான் வீட்டுச் சோபாவில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பார்த்தேன்.

அறையைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் விறகு போடும் புகாரி அடுப்பு, படுக்கையில் மின்போர்வை. மின்சாரம் போனாலும் அடுப்பு எரியும். இன்னும் சில விஷயங்கள்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். மலைமேல் ஏற்றிவிடும் ரோப்காரான கோண்டோலாவுக்கு டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அதன் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கே சறுக்குவது பழகியவர்கள் வேலை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் அந்த மலையில்தான் பனிச்சரிவில் இறந்தார்கள். பிள்ளைகளுக்குக் கீழேயுள்ள மைதானச் சரிவு போதும்.

மஞ்சக்குப்பம்:

எதற்கு இந்தப் பாடு? மணாலிக்குப் போங்கள். அடல் சுரங்கம் 2020இல் திறந்த பிறகு ஒன்பது கிலோமீட்டர் குகைக்குள் புகுந்து மறுபக்கம் சிசு என்ற ஊரில் பனியைப் பார்த்துவிட்டு இரவு அறைக்குத் திரும்பலாம். மணாலிக்குப் பக்கத்துச் சோலாங்கில் பலகை மாட்டிப் படமும் எடுத்துத் தருவார்கள். மூட்டு பத்திரம்.

திருப்பாதிரிப்புலியூர்:

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அது சரி, அண்ணா. அவர் பழகப் போகலாம் என்கிறார். சோலாங்கில் உடுப்பு, காலணி, பலகை, கூட வரும் ஆள் என்று தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து நாலடி இழுத்துவிட்டு முடிந்தது என்றார்கள் என் தங்கை வீட்டில்.

க்ரெனோபிள் (பிறந்தது முத்தியால்பேட்டை):

இந்தியாவில் நான் சறுக்கியதில்லை. புதுவையில் பாதிக் குடும்பங்களுக்குப் பிரான்சில் யாராவது இருப்பதால் இதையும் எழுதுகிறேன். என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பென்ஷன்காரர். அவரும் மாமியாரும் குளிர்காலத்தில் வந்திருந்தபோது, வார இறுதிக்குச் சாம்ரூஸ் அழைத்துப்போனோம். க்ரெனோபிளிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் ழான்-குளோட் கில்லி மூன்று தங்கமும் வென்ற மலை.

இங்கே விடுதி அறையைவிடச் சமையலறையோடு கூடிய ஸ்டுடியோதான் வாடகைக்கு எடுப்பார்கள். படம் பார்த்து ஏமாறாதீர்கள். "நான்கு பேருக்கு" என்றால், வாசலை ஒட்டிய மூலையில் அடுக்குக் கட்டில் ஒன்று, கூடத்தில் விரிக்கும் சோபா ஒன்று. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் பெரும்பாலும் சேராது. கிளம்பும்போது நாமே கூட்டித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் முன்பிணைத் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். மாமியார் இதைக் கேட்டு, "காசும் கொடுத்து, பாத்திரமும் கழுவவா?" என்றார். ஆனால் கீழ்த்தளத்தில் பலகைகளைப் பூட்டிவைக்கத் தனி அறை உண்டு, வெப்பம் இரவு முழுக்க நிற்காது. திருப்பாதிரிப்புலியூர் அம்மா சொன்ன கையுறைத் துயரம் எங்களுக்கு இல்லை.

சாப்பாட்டுக்குக் குக்கர் எடுத்துப்போனோம். 1,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். உணவகத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சியும்தான் மிகுதி. மாமனார் ரசித்தார், மாமியார் ரசம் கேட்டார்.

சரிவுகளுக்கு நிறம் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சையைத் தாண்டி ஆசைப்படாதீர்கள். லிஃப்டில் மேலே போகும் பாஸ் அட்டையை இடப்பக்கப் பையில் வையுங்கள், நுழைவுக் கதவு அந்தப் பக்கம்தான் அட்டையைப் படிக்கும், கைப்பேசியோடு சேர்த்து வைத்தால் திறக்காது. சரிவில் அடிபட்டால் மீட்டுக்கொண்டு வரவும் கட்டணம் கேட்பார்கள். பாஸ் எடுக்கும்போதே சில யூரோ கூடக் கொடுத்து மீட்புக் காப்பீடு போடுங்கள். பிப்ரவரியில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை வாரங்களில் வாடகை தலைக்குமேல் ஏறும், அந்த வாரங்களைத் தவிருங்கள்.

லாஸ்பேட்டை:

பொங்கல் திட்டம் கைவிடப்பட்டது. பிப்ரவரிக்கு அவுலி என்று முடிவு, பள்ளியில் நானே போய்ப் பேசுகிறேன். பெரியவள் ஜீன்ஸ் போதும் என்கிறாள். காலணி அளவு எப்படிச் சொல்வது?

திருப்பாதிரிப்புலியூர்:

ஜீன்ஸ் கூடவே கூடாது, பருத்தி நனைந்தால் உலராது. நீர் புகாத கால்சட்டை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், உள்ளே கைவிட்டு ஈரம் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலணியை அளவு சொல்லி வாங்காமல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கம்பளிக் காலுறை ஒன்று மட்டும், இரண்டு போட்டால் மடிந்து கொப்புளம் வரும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கினால் அது பெரிய அளவு. பலகையோடு காலணியைப் பிணைக்கும் பூட்டை உங்கள் எடைக்குத் தக்கபடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் தப்பும். பிள்ளையின் எடையைச் சரியாகச் சொல்லுங்கள், கூச்சப்பட்டு உங்கள் எடையைக் குறைக்காதீர்கள்.